ரால்ஃப் பாக்னோல்ட்

ரால்ஃப் ஆல்ஜர் பாக்னோல்ட் (ஏப்ரல் 3, 1896 – மே 28, 1990) ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரியும் பாலைவன ஆய்வுப் பயணியும் இயற்பியலாளரும் ஆவார். காற்று மணலை எவ்வாறு கொண்டு செல்கிறது, மணற்குன்றுகள் எவ்வாறு உருவம் பெறுகின்றன என்பவற்றை அளவீடுகளின் துணையுடன் விளக்கிய முன்னோடி இவர். 1941 ஆம் ஆண்டில் வெளியான, காற்றால் வீசப்படும் மணலின் இயற்பியல் பற்றிய இவரது நூல் இத்துறையின் அடிப்படை நூலாக விளங்குகிறது.

வாழ்க்கைக் குறிப்பு

இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தார். இவரது தந்தையும் படைத்துறைப் பொறியாளரே. எழுத்தாளர் எனிட் பாக்னோல்ட் இவருடைய தமக்கை. 1915 ஆம் ஆண்டில் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்து, முதல் உலகப் போரில் பிரான்சில் பணியாற்றினார். போருக்குப் பின் கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்று, மீண்டும் படைக்குத் திரும்பினார்.

பாலைவனப் பயணங்கள்

1926 ஆம் ஆண்டில் எகிப்துக்கு அனுப்பப்பட்டது இவருடைய வாழ்வில் திருப்பமாக அமைந்தது. விடுமுறை நாட்களில் நண்பர்களுடன் ஃபோர்டு மகிழுந்துகளில் லிபியப் பாலைவனத்திற்குள் செல்லத் தொடங்கினார். 1929, 1930, 1932 ஆம் ஆண்டுகளில் நீண்ட பயணங்கள் நிகழ்ந்தன. மென்மணலில் புதையாதிருக்கச் சக்கரங்களின் காற்றழுத்தத்தைக் குறைத்தல், சக்கரத்தின் கீழ் இரும்புத் தகடுகளை இடுதல், வண்டியின் இரும்பால் பாதிக்கப்படாத சூரியத் திசைகாட்டியைப் பயன்படுத்துதல் போன்ற முறைகளை இக்குழுவினர் செம்மைப்படுத்தினர்.

இப்பயணங்களில் இவரை வியப்பில் ஆழ்த்தியது மணலின் ஒழுங்கு. பிறைவடிவக் குன்றுகள் தம் கொம்புகளைக் காற்று செல்லும் திசையில் நீட்டியபடி, உருக்குலையாமல் நகர்ந்து செல்கின்றன. உயிரற்ற துகள்கள் பரவிச் சிதறாமல் ஏன் குவிகின்றன என்ற கேள்விக்கு அந்நாளில் தெளிவான விடை இருக்கவில்லை.

மணல் பற்றிய ஆய்வு

1935 ஆம் ஆண்டில் படையிலிருந்து ஓய்வு பெற்ற பாக்னோல்ட், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் தாமே ஒரு காற்றுச் சுரங்கத்தை (செயற்கைக் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் நீண்ட பெட்டி) அமைத்தார். மணல் பெரும்பாலும் தூசியைப் போல் மிதந்து செல்வதில்லை, தரையை ஒட்டித் துள்ளித் துள்ளியே நகர்கிறது என்பதை அதில் கண்டறிந்தார். காற்றால் உந்தப்பட்ட துகள் கீழே விழும்போது வேறு துகள்களை மேலே எழுப்புகிறது. எனவே மணலோட்டம் ஒருமுறை தொடங்கிவிட்டால், தொடங்கத் தேவைப்பட்டதைவிடக் குறைந்த காற்றிலும் அது தொடரும். கெட்டியான தரையில் நன்கு துள்ளும் துகள், மணற்பரப்பில் விழும்போது வேகம் இழக்கிறது. மணல் இருக்கும் இடத்திலேயே மேலும் மணல் சேர்வதற்கு இது ஒரு காரணம்.

தரையை ஒட்டிய காற்றின் உராய்வு வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மணலின் அளவு கூடும் என்பது இவரது புகழ்பெற்ற சமன்பாடு. அதன்படி அவ்வேகம் இரு மடங்கானால் நகரும் மணல் எட்டு மடங்காகும். பல நாள் வீசும் இளங்காற்றைவிடச் சில மணி நேரப் புயல் நிலத்தோற்றத்தை அதிகம் மாற்றக்கூடும் என்பது இதனால் விளங்கும். பிற்கால ஆய்வாளர்கள் இச்சமன்பாட்டைப் பலவாறு திருத்தியுள்ளனர். ஆயினும் அவர்களும் இவரிடமிருந்தே தொடங்குகின்றனர்.

ஆய்வகத்தில் கண்டதை நம்பி அமைந்துவிடாமல், 1938 ஆம் ஆண்டில் மீண்டும் பாலைவனம் சென்று மணற்புயலின் நடுவே அளவீடுகள் எடுத்தார். அதே பயணத்தில் தொல்லியலாளர்களும் உடன் சென்று கில்ஃப் கெபீர், உவைனாத் பகுதிகளை ஆராய்ந்தனர். இன்று மழையே அரிதான உவைனாத்தின் பாறைகளில் மாட்டு மந்தைகளின் ஓவியங்கள் உள்ளன. ஏறத்தாழ 11,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை சகாரா ஈரமிக்க புல்வெளியாக இருந்ததற்கு இத்தகைய ஓவியங்களும் சான்றாகும். மணற்குன்றின் உட்புறச் சாய்வடுக்குகள் பற்றியும் இவர் தம் நூலில் எழுதினார். அத்தகைய அடுக்குகள் மணற்கல்லாக இறுகிய பின்னும் நிலைப்பதால், அவற்றைக் கொண்டு தொல்காலக் காற்றின் திசையை அறிய இயலும்.

போரும் பின்னரும்

1939 ஆம் ஆண்டில் மீண்டும் படைக்கு அழைக்கப்பட்டார். 1940 ஆம் ஆண்டில் எகிப்தில் நெடுந்தூரப் பாலைவனக் குழு என்னும் படைப்பிரிவை உருவாக்கினார். விடுமுறைப் பயணங்களில் கற்ற முறைகளே எதிரிப் படைகளின் பின்புறம் ஊடுருவ உதவின. நூல் அச்சேறிய ஆண்டில் அதன் ஆசிரியர் போர்ப்பணியில் இருந்தார்!

1944 ஆம் ஆண்டில் அரச கழகத்தின் உறுப்பினரானார். பின்னாளில் ஆறுகள் மணலையும் சரளையையும் கொண்டு செல்லும் விதத்தை ஆராய்ந்தார். பென்ரோஸ் பதக்கம் (1970), வொல்லஸ்டன் பதக்கம் (1971) ஆகியவற்றைப் பெற்றார். இவரது தன்வரலாறு, இவர் மறைந்த 1990 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

செவ்வாய்க் கோளின் கேல் பள்ளத்திலுள்ள மணற்குன்றுகளுக்கு இவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது. 2015 ஆம் ஆண்டின் இறுதியில் கியூரியாசிட்டி ஊர்தி அங்கு சென்றடைந்தது. புவியின் பாலைவனங்களில் காணப்படாத, சில மீட்டர் இடைவெளி கொண்ட மணல் அலைகள் அங்கே காணப்பட்டன. மெல்லிய வளிமண்டலமே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அதன் அடிப்படையில், செவ்வாயின் பழைய மணற்கற்களில் பதிந்துள்ள அலைகளிலிருந்து அக்கோளின் தொல்கால வளிமண்டலத்தைக் கணிக்கவும் முயல்கின்றனர்.