வெலிங்டன் பிரபுவின் பழைய காதல்

நீலகிரியில் குன்னூருக்கு அருகே வெலிங்டன் என்ற ராணுவ ஊர் இருக்கிறது. ஊட்டி மலை ரெயில் அங்கேயும் நிற்கிறது. முன்பு அந்த இடத்துக்கு ஜெகதளா என்று பெயர். வாட்டர்லூ போரில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு இறந்த பிறகு, வெள்ளைக்காரர்கள் அவர் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

நெப்போலியனையே வென்றவர் அவர். ஆனால் அவருடைய குடும்ப வாழ்க்கை ஒரு சோகக் கதை.

பெண் கேட்டார்

அவருடைய பெயர் ஆர்தர் வெல்லெஸ்லி. 1769-ல் அயர்லாந்தில் பிறந்தார். வாலிப வயதில் கிட்டி பேக்கன்ஹாம் என்ற பிரபு வீட்டுப் பெண்ணைக் காதலித்தார். 1793-ல் பெண் கேட்டார்.

கிட்டியின் சகோதரர் மறுத்துவிட்டார். ஆர்தர் சொத்துக்கு உரிய மூத்த மகன் அல்ல. கடன் வேறு இருந்தது.

மனம் உடைந்த ஆர்தர், ஆசையாக வாசித்து வந்த பிடில்களைத் தீயில் போட்டார். தன் மனம் என்றும் மாறாது என்று கிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார்.

1797-ல் இந்தியாவுக்கு வந்தார். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் பங்கு கொண்டார். அதன் பிறகுதான் நீலகிரியும் கம்பெனியின் கைக்கு வந்தது. ஆர்தருக்குப் பேரும் பணமும் சேர்ந்தன.

இன்னொருவர் வந்தார்

அயர்லாந்தில் கிட்டி காத்திருந்தாள். ஆண்டுகள் ஓடின. லாரி கோல் என்ற ராணுவ அதிகாரி அவளை விரும்பினார். கிட்டியின் மனமும் அவர் பக்கம் சாய்ந்தது.

இந்த நேரத்தில் கிட்டியின் தோழி ஒருத்தி, பழைய காதல் நினைவிருக்கிறதா என்று ஆர்தருக்குக் கடிதம் எழுதினாள். ஆறிப்போன ஆசை மறுபடியும் மூண்டது. தன் மனம் மாறவில்லை என்று 1801-ல் பதில் எழுதினார்.

தோழி அதைக் கிட்டியிடம் காட்டினாள். கிட்டி தவித்தாள். கடைசியில், பக்கத்தில் இருந்த கோலை மறுத்துவிட்டாள். கவலையால் உடல் மெலிந்து நோயுற்றாள்.

பார்க்காமலே மணம்

1805-ல் ஆர்தர் நாடு திரும்பினார். கிட்டியை நேரில் பார்க்காமலே மணம் பேசினார். தான் மிகவும் மாறிவிட்டதாகவும், முதலில் வந்து பார்க்கும்படியும் கிட்டி கேட்டுக்கொண்டாள். அவர் கேட்கவில்லை.

1806 ஏப்ரல் 10-ந் தேதி டப்ளினில் திருமணம் நடந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு கிட்டியைப் பார்த்த ஆர்தர் திடுக்கிட்டார். அவர் நெஞ்சில் இருந்தது 1793-ம் ஆண்டுப் பெண். எதிரே நின்றவளோ முப்பதைக் கடந்து, வாடிப் போயிருந்தாள்.

இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. ஆனால் மனங்கள் ஒட்டவில்லை. ஒரே வீட்டில் அந்நியர்போல் வாழ்ந்தார்கள்.

கோல் பின்னாளில் ஸ்பெயின் போரில் வெலிங்டனின் கீழ் தளபதியாகப் போரிட்டார். 1815 ஜூன் மாதம் வேறொரு பெண்ணை மணந்தார். அந்தத் திருமணத்தால் அவர் வாட்டர்லூ போருக்குப் போகவில்லை. பிறகு மொரீசியஸ் தீவின் கவர்னர் ஆனார்.

கடைசி நாள்

1831-ல் கிட்டி மரணப் படுக்கையில் கிடந்தாள். வெலிங்டன் அருகிலேயே இருந்தார். கிட்டி அவருடைய சட்டைக் கைக்குள் விரல்களை விட்டுத் தேடினாளாம். முன்பு எப்போதோ அவள் கட்டிவிட்ட தாயத்து அங்கே இருந்தது.

இருபது ஆண்டுகளாக அது அங்கேதான் இருந்தது என்று வெலிங்டன் பிறகு ஒருவரிடம் சொன்னாராம். அவள் அதுவரை தேடிப் பார்க்கவில்லை. அவரும் காட்டவில்லை.