யோசப் வாஸ்

யோசப் வாஸ் (ஏப்ரல் 21, 1651 – சனவரி 16, 1711) கோவாவில் பிறந்து இலங்கையில் பணியாற்றிய கத்தோலிக்கக் குரு ஆவார். இலங்கையின் அப்போஸ்தலர் என அழைக்கப்படுகிறார். கூலியாள் வேடத்தில் கடல் கடந்து சென்று, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கருக்கும் கைவிடப்பட்ட நோயாளருக்கும் துணை நின்றவர்.

இளமை

தெற்குக் கோவாவின் பெனாலிம் என்னும் ஊரில் கொங்கணி பேசும் குடும்பத்தில் பிறந்தார். 1676இல் குருவானார். ஐரோப்பியத் துறவு சபைகள் இந்தியரைச் சேர்த்துக்கொள்வது அன்று அரிது. எனவே இந்தியக் குருக்கள் கோவாவில் தாமே அமைத்த குழுவில் 1685இல் இணைந்தார்.

இலங்கைப் பயணம்

ஒல்லாந்தக் கிழக்கிந்திய நிறுவனம் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர்; அவர்களுக்கு இடமளித்தால் மரண தண்டனை. மீஞ்சூருக்கு வடக்கே பழவேற்காட்டில் கோட்டை கட்டியிருந்ததும் இதே நிறுவனம்தான். தூத்துக்குடியும் 1658 முதல் அதன் கையில் இருந்தது. ஆகவே கப்பல் ஏறும் துறையிலேயே ஆபத்து காத்திருந்தது.

1687இல் யோவான் என்னும் பணியாளுடன் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டார். இன்றைய சொற்களில் கூறின், அனுமதியின்றி எல்லை தாண்டியவர். யாழ்ப்பாணத்தை அடைந்தபோது வயிற்றுக்கடுப்பால் சாகும் நிலையில் இருந்தார். உயிர் பிழைத்தபின் கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். செபமாலையைக் கண்டு யார் மனம் இளகுகின்றனர் என்பதைக் கொண்டு கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். தமிழ் கற்று, இரவில் இரகசியமாகத் திருப்பலி நிறைவேற்றினார். சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று.

கண்டியில்

1692இல் புத்தளம் வழியாகக் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய உளவாளி எனக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். சிறையில் சிங்களம் கற்றார். பின்னர் மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சுதந்திரமாகப் பணிபுரிய விட்டார். ஒல்லாந்தக் கிறித்தவருக்கு அஞ்சி ஓடிய கத்தோலிக்கருக்குப் பௌத்த அரசு ஒன்றே இடமளித்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னரும் நகரை விட்டு நீங்கினார். நோயாளிகளை உறவினர்களே காட்டில் விட்டுச் சென்றனர். வாஸ், உடன்பணியாற்றிய யோசப் கர்வாலோவுடன் அவர்களுக்குக் குடிசைகள் அமைத்தார், உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரைப் புதைத்தார். சமயம் பார்க்கவில்லை. அயல்நாட்டவர் என ஐயத்தோடு நோக்கப்பட்டவரை ஊர் தன்னவராக ஏற்றுக்கொண்டது இதன் பின்னரே எனலாம்.

இறுதிக்காலம்

கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்து சேர்ந்தனர். அவர்களுள் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்கள் எழுதினார். கோவாவுக்குத் திரும்பாமலே வாஸ் கண்டியில் காலமானார். 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவருக்கு அருளாளர் பட்டமும், 2015 சனவரி 14இல் கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிசு புனிதர் பட்டமும் வழங்கினர். இவரது திருநாள் சனவரி 16.