சதுரங்கப் பேரரசி வேரா மெஞ்சிக்

அறிவுப் போரில் ஆண், பெண் என்னும் வேற்றுமை உண்டோ என்னும் வினாவிற்கு நூலெழுதி விடை கூறினார் பலர். காய் நகர்த்தி விடை கூறியவர் வேரா மெஞ்சிக் அம்மையார். சதுரங்கப் பலகையை ஆண்மக்களுக்கே உரியதாக ஒதுக்கிவைக்கும் பெற்றோரைப் பொல்பிட்டியவில் தமிழ் கற்பிக்கும் யான் பலகாற் கண்டுள்ளேன். அன்னார் பொருட்டே இவ்வரலாற்றை ஈண்டு வரைகின்றேன்.

அம்மையார் 1906ஆம் ஆண்டு மாஸ்கோ நகரில், செக் இனத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் மகளாகப் பிறந்தார். ஒன்பதாம் வயதில் தந்தையாரிடம் இவ்வாட்டத்தைக் கற்றார். ரஷ்யப் புரட்சியின் பின் குடும்ப நிலை மாறிற்று. 1921இல் தாயுடனும் தங்கை ஒல்காவுடனும் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரை அடைந்தார். ஆங்கிலம் நன்கு அறியாத அவருக்குப் பேச்சு வேண்டாத சதுரங்கமே உற்ற துணையாயிற்று. ஹங்கேரிய மேதை மரோட்சி ஆசிரியராக வாய்த்தார். 1927இல் இலண்டனில் நிகழ்ந்த முதலாவது மகளிர் உலகப் போட்டியில், 11 ஆட்டங்களிற் பத்தரைப் புள்ளி பெற்று வாகை சூடினார்.

1929இல் கார்ல்ஸ்பாட் நகரப் போட்டிக்கு 22 பேர் வந்தனர். பெண் அவர் ஒருவரே. அவரிடம் தோற்போரைச் சேர்த்து ஒரு கழகம் அமைக்கலாம் என்று அல்பேட் பெக்கர் என்பார் நகையாடினார். நகையாடியவரே தோற்று அதன் முதல் உறுப்பினரானார்! உண்மையை மறைத்தல் தகாது: அப்போட்டியில் அம்மையாருக்குக் கிட்டியது கடைசி இடமே. ஆயினும் அவர் பின்வாங்கினாரல்லர். பின்னர் 1935இல் உலக வீரரான மாக்ஸ் யூவேயும், பஞ்சாபிலிருந்து சென்று பிரித்தானிய வாகை சூடிய சுல்தான்கானும் அவரிடம் தோற்றனர். இகழ்ச்சிக்கு இட்ட பெயர் புகழ்ப்பட்டியலாயிற்று.

மகளிருள் அவருக்கு நிகராக நின்றவர் ஜெர்மானியரான சோனியா கிராப். கிராப் அம்மையார் புயலெனத் தாக்குபவர். மெஞ்சிக்கோ காலாட்களை அரணாக நிறுத்தி, எதிரியின் காய்களை மெல்ல ஒடுக்கி, சிறு மேன்மையையும் இறுதியாட்டத்தில் வெற்றியாக்குபவர். 1937இல் ஆஸ்திரியாவின் செம்மெரிங்கில் இருவரும் 16 ஆட்டங்கள் ஆடினர். மெஞ்சிக் 9 வென்றார், 2 தோற்றார், ஏனைய 5 சமநிலை. 1939இல் புவனோஸ் ஐரிஸ் நகரில் கிராப் வெல்லத்தக்க நிலையை எய்தினார். ஆயின் பதற்றத்தாற் பிழைமேற் பிழை செய்தார். இடுக்கணிலும் கலங்காதிருந்த மெஞ்சிக் அவ்வாட்டத்தை மீட்டு வென்றார். சூழ்ச்சித் திறனினும் மனவுறுதியே பெரிதென்பதற்கு இவ்வாட்டம் சான்றாகும்.

உலகப் பட்டத்தைப் பதினேழாண்டு காத்த அவரைப் பலகையில் எவரும் வீழ்த்தினாரல்லர், போரே வீழ்த்திற்று. 1944 யூன் 26ஆம் நாள் இலண்டன் கிளாப்பம் பகுதியில் அவரது இல்லத்தின்மேல் ஜெர்மானியப் பறக்குங்குண்டு வீழ்ந்தது. தாய், தங்கையருடன் அவரும் மாண்டார். அகவை முப்பத்தெட்டே!

மகளிர் சதுரங்க ஒலிம்பியாட்டில் வெல்லும் அணிக்கு அவர் பெயர் தாங்கிய கிண்ணம் வழங்கப்படுகின்றது. 2024இல் புடாபெஸ்டில் வென்ற இந்திய அணியிற் சென்னைத் தமிழ்மகள் வைஷாலியும் ஒருவர். சுல்தான்கானை ஆதரித்த செல்வரின் மனையிற் பணிப்பெண்ணாயிருந்த பாத்திமா, 1933இலேயே பிரித்தானிய மகளிர் வாகையைச் சூடினார். பிறப்பும் தொழிலும் அறிவுக்கு வேலியாகா. கொழுந்து பறிக்கும் தாயரின் புதல்வியர்க்கும் அறுபத்துநான்கு கட்டங்கள் காத்திருக்கின்றன, பெற்றோர் வழிவிடுவாராக.