ஒன்று, இரண்டு, மூன்று எனக் கற்றுக்கொடுத்தவர்

2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிவுக்காக வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தோம். எவரும் ஐம்பது வீதத்தைத் தாண்டவில்லை, இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்படுகின்றன என்று அறிவித்தார்கள். எமது நாட்டில் அவ்வாறு எண்ணப்பட்டது அதுவே முதல் தடவை. விருப்பு வரிசைப்படி வாக்களிக்கும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடி வாசித்தபோதுதான் கத்தரின் ஹெலன் ஸ்பென்ஸ் அம்மையாரை அறிந்துகொண்டேன்.

1825இல் ஸ்கொட்லாந்தில் பிறந்த அவர், தந்தை பொருளிழந்ததால் 1839இல் குடும்பத்தோடு தென் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். பதினேழு வயதில் வீடுகளுக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்துச் சம்பாதித்தார். என் வயது அது. பின்னர் நாவல் எழுதினார். அவரது 'கிளாரா மொரிசன்' 1854இல் வெளிவந்தது.

1859இல் ஜோன் ஸ்டுவர்ட் மில் எழுதிய ஒரு கட்டுரை அவர் வாழ்வைத் திருப்பியது. தோமஸ் ஹெயார் என்பவர் வகுத்த தேர்தல் முறையை அது விளக்கியது. வாக்காளர் வேட்பாளர்களை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்துவார். தேவையான அளவுக்கு மேல் ஒருவர் பெற்ற வாக்குகளும், கடைசியில் நின்று விலக்கப்பட்டவரின் வாக்குகளும் அடுத்த விருப்பத்துக்குரியவரைச் சென்றடையும். இதனால் சிறு தொகையினரின் குரலும் சபையை எட்டும்.

இதை வலியுறுத்தி 1861இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். சட்டமன்றம் அசையவில்லை. சட்டம் இயற்றுவோரைத் தெரிவுசெய்யும் உரிமைகூட அன்று பெண்களுக்கு இருக்கவில்லை. மனம் தளராத அவர், 1865இல் இங்கிலாந்து சென்று மில்லையும் ஹெயாரையும் நேரில் சந்தித்தார். நாடு திரும்பி அநாதைப் பிள்ளைகளின் நலனுக்காகவும் உழைத்தார்.

1892இல், அறுபத்தாறு வயதில், ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றப் புறப்பட்டார். கூட்டத்துக்கு வந்தோரிடம் வாக்குச்சீட்டுகளைக் கொடுத்து வரிசைப்படுத்தச் செய்து, எண்ணியும் காட்டினார். முறை சிக்கலானது என்று சொன்னவர்களுக்கு அதுவே அவரது பதில். 1893இல் அமெரிக்காவிலும் பேசினார். 1894இல் தென் அவுஸ்திரேலியப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 1897இல் அவரே கூட்டாட்சி மாநாட்டுத் தேர்தலில் நின்றார். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றும் தோற்றார். எனினும் அவுஸ்திரேலியாவின் முதல் பெண் வேட்பாளர் என வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது.

தஸ்மேனியா அம்முறையை ஏற்றுக்கொண்டது. அவரது தென் அவுஸ்திரேலியா ஏற்கவில்லை. 1910 ஏப்ரல் 3ஆம் திகதி, 84ஆவது வயதில் அவர் காலமானார். 1948இல்தான் அவுஸ்திரேலிய செனற் சபைக்கு அந்த முறை சட்டமாயிற்று. 2001இல் ஐந்து டொலர் நாணயத்தாளில் அவரது உருவம் பொறிக்கப்பட்டது.

இதையெல்லாம் வாசித்த பின் வாப்பாவிடமும் உம்மாவிடமும் கேட்டேன், இரண்டாம் விருப்பை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று. இருவரும் ஒரே ஓர் அடையாளத்தோடு சீட்டை மடித்துப் போட்டிருந்தார்கள். மூன்று பேர் வரை வரிசைப்படுத்தலாம் என்பது தெரியும், ஆனால் அது எதற்கென்று தங்களுக்கு யாரும் விளக்கவில்லை என்றார் உம்மா. அன்றிரவு பழைய கொப்பித் தாளில் வாக்குச்சீட்டுகள் வெட்டி, வீட்டிலுள்ள ஐவரையும் வாக்களிக்கச் செய்தேன். அடுத்த வருடம் எனக்குப் பதினெட்டு வயது.