முள்ளைச் சூழ்ந்த அணுக்கள்

காலில் முள் தைத்த இடம் வீங்கிச் சீழ் கட்டுவது ஏன்? இவ்வினாவிற்கு விடை கண்டவர் இலியா மெச்னிகோவ். இவர் 1845ஆம் ஆண்டு, இன்றைய உக்ரைன் நாட்டின் கார்கிவ் நகருக்கு அருகில் பிறந்தார்.

1882ஆம் ஆண்டு இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்தபோது, வீட்டார் ஒருநாள் சர்க்கஸில் குரங்குகளின் வித்தை காணச் சென்றனர். இவரோ நுண்ணோக்கியுடன் தனித்திருந்தார். நட்சத்திர மீனின் இளவுயிரி கண்ணாடி போன்றது. உள்ளே நிகழ்வதெல்லாம் வெளியே தெரியும். தோட்டத்து ரோசா முள்ளை அதன் தோலுக்கடியில் செருகினார். அன்றிரவு அவருக்கு உறக்கமே வரவில்லை. விடிந்ததும் ஓடிச்சென்று நோக்கினார். நகரும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து திரண்டிருந்தன! நம் குருதியின் வெள்ளையணுக்களும் இவ்வாறே கிருமிகளைச் சூழ்ந்து விழுங்கும் எனத் துணிந்தார். சீழில் இருப்பவை பெரும்பாலும் அப்போரில் மடிந்த வெள்ளையணுக்களே.

ஆயினும், வெள்ளையணுக்கள் கிருமிகளைச் சுமந்து பரப்புகின்றன என்றே அக்கால மருத்துவர் பலர் நம்பினர். கிருமிகளை அழிப்பது குருதிநீரே என்று ஜெர்மானிய அறிஞர் வாதிட்டனர். மெச்னிகோவ் தளரவில்லை. 1888 முதல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் சான்றுகளைத் திரட்டினார். 1908ஆம் ஆண்டு நோபல் பரிசு இவருக்கும், குருதிநீரின் ஆற்றலை ஆராய்ந்த பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இரு தரப்பிலும் உண்மை இருந்தது. குருதிநீரின் எதிர்ப்பொருள்கள் கிருமியின்மேல் ஒட்டிக்கொள்ளும். மண்ணீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் காத்திருக்கும் விழுங்கணுக்கள் அதனை எளிதில் பற்றிவிடும்.

மெச்னிகோவ் 1916ஆம் ஆண்டு பாரிசில் மறைந்தார்.