கென்னடியை வாட்டிய முதுகுவலி

மூட்டை சுமப்பவருக்கும், நாள் முழுவதும் குனிந்து எழுதுபவருக்கும் இடுப்புவலி புதிதல்ல. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜான் கென்னடியையும் அது விடவில்லை. சிரித்த முகமும் நிமிர்ந்த நடையுமாகப் படங்களில் காணப்படும் அவர், காலுறையைத் தானே மாட்ட முடியாமல் தவித்த நாட்கள் உண்டு.

1917-ல் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரி நாளிலேயே முதுகுவலி. ராணுவம் அவரைச் சேர்க்க மறுத்தது. தந்தையின் செல்வாக்கால் 1941-ல் கடற்படையில் சேர்ந்தார்.

1943 ஆகஸ்டு 2-ந் தேதி, சாலமன் தீவுகள் அருகே அவருடைய போர்ப்படகை ஜப்பானியக் கப்பல் மோதி இரண்டாகப் பிளந்தது. தீக்காயம் பட்ட மாலுமி ஒருவரின் மிதவைச் சட்டைப் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்தபடி, சுமார் 4 மணி நேரம் நீந்தி ஒரு தீவில் கரை சேர்த்தார். நல்ல முதுகு உள்ளவருக்கே அது பெரும்பாடு!

1944-ல் முதல் ஆபரேஷன். வலி போகவில்லை. 1954-ல் செனட் சபை உறுப்பினரான அவர் ஊன்றுகோல்களுடன் நடமாடினார்.

சாவின் விளிம்பில்

அப்போதுதான் முதுகெலும்பை இணைக்கும் ஆபரேஷனுக்குத் துணிந்தார். அடிமுதுகு எலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டி வளரச்செய்து, அசையாமல் ஆக்குவது அதன் நோக்கம். அவருக்குப் பிடிமானமாக உலோகத் தகடும் வைக்கப்பட்டது.

இதில் பேராபத்து இருந்தது. சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் சரிவர வேலை செய்யாத அடிசன் நோய் அவருக்கு 1947-லேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அந்த உடம்பு கத்தியைத் தாங்குவது கடினம். பாஸ்டன் டாக்டர்கள் வேண்டாம் என்றனர். அவர் கேட்கவில்லை.

அக்டோபர் 21-ந் தேதி நியூயார்க்கில் ஆபரேஷன் நடந்தது. பின்பு கிருமி தொற்றி நினைவிழந்தார். பாதிரியார் வந்து இறுதிச் சடங்கே செய்துவிட்டார்! எப்படியோ பிழைத்தார். ஆனால் புண் ஆறவில்லை. 1955 பிப்ரவரியில் மறுபடி கீறித் தகட்டை எடுத்தார்கள். படுக்கையில் கிடந்தபோது தொடங்கிய புத்தகத்துக்கு 1957-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. (அதில் உதவியாளர் சோரன்சனின் கை அதிகம் என்பது வேறு கதை.) அதே ஆண்டு சீழ்க்கட்டியை அகற்ற நாலாவது ஆபரேஷன்.

பலன் தந்த பயிற்சி

டாக்டர் ஜேனட் டிராவெல் என்ற பெண்மணி தசைகளில் மரத்துப்போகும் ஊசி போட்டார். ஆடும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஜனாதிபதியான பின், 1961 மே மாதம் கனடாவில் மரம் நடும் விழாவில் மண்வெட்டி பிடித்தவருக்கு முதுகு மறுபடி பிடித்துக்கொண்டது.

அக்டோபரில் டாக்டர் ஹான்ஸ் கிராவுஸ் அழைக்கப்பட்டார். அவர் ஊசியை நிறுத்தச் சொன்னார். தளர்ந்து கிடந்த வயிற்று, முதுகுத் தசைகளுக்கு வாரம் 3 நாள் தேகப்பயிற்சி கொடுத்தார். சில மாதங்களில் நல்ல குணம் தெரிந்தது. 4 ஆபரேஷன் தராத சுகத்தைப் பயிற்சி தந்தது! இதை முதலிலேயே செய்து பார்த்திருக்கலாமே என்று தோன்றாமல் இல்லை.

ஆனாலும் இடுப்புக் கச்சையை அவர் விடவில்லை. 1963 நவம்பர் 22-ந் தேதி டல்லாஸ் நகரில் காரில் சென்றபோதும் கட்டியிருந்தார். கழுத்தில் குண்டு பட்டதும் சாய்ந்து விழவிடாமல் கச்சை நிமிர்த்திப் பிடித்ததால்தான் அடுத்த குண்டு தலையில் பாய்ந்தது என்று டாக்டர்கள் சிலர் கருதுகிறார்கள். அப்போது அவருக்கு வயது 46.