காற்றைப் பிழிந்த கேரியர்

ஒரு சிறுவன். கணக்கில் பின்னம் என்றாலே அவனுக்குப் பயம்.

தாய் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆப்பிள் பழங்களைக் கொண்டு வரச் சொன்னாள். அவற்றை இரண்டாக, நாலாக, எட்டாக வெட்டச் சொன்னாள். துண்டுகளைக் கூட்டினான், கழித்தான். பின்னம் புரிந்து விட்டது!

அந்தச் சிறுவன்தான் வில்லிஸ் கேரியர். (சோற்றுக் கேரியருக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை.) அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், அங்கோலா என்ற ஊரில் 1876-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி பிறந்தார். 11 வயதில் தாயை இழந்தார். எந்தச் சிக்கலையும் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

1901-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் என்ஜினீயர் பட்டம் பெற்றார். பபலோ நகரில் ஒரு கம்பெனியில் வேலை. வாரச் சம்பளம் 10 டாலர்.

காகிதத்தின் குறும்பு

மறு ஆண்டு கோடையில், புரூக்ளினில் உள்ள ஓர் அச்சகம் அந்தக் கம்பெனியின் உதவியை நாடியது.

வர்ணப் படம் ஒரே அடியில் அச்சாவது அல்ல. ஒரு வர்ணத்தின் மேல் இன்னொரு வர்ணமாக அடிக்க வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் காகிதம் அதைக் குடித்து விரியும். காற்று உலர்ந்தால் சுருங்கும். நேற்று அடித்த மஞ்சளின் மேல் இன்று சிவப்பு சரியாக விழாது. உதடு ஓரிடம், உதட்டுச் சிவப்பு வேறிடம்! அடித்த தாள் எல்லாம் குப்பைக்குப் போகும்.

யந்திரத்தில் பழுது இல்லை. மையிலும் குறை இல்லை. குற்றவாளி, காற்று!

வேலை 25 வயதுக் கேரியரிடம் வந்தது.

குளிர்ந்த தண்ணீர் உள்ள செம்பின் வெளிப்புறம் வேர்க்கும். செம்பு ஓட்டை அல்ல. காற்றின் ஈரம்தான் குளிர்ச்சி பட்டு நீராகிறது. கேரியர் பிடித்துக் கொண்டது இதைத்தான். குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தினால், ஈரம் சொட்டி விடும். அச்சகத்துக் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 55 சதவிகிதத்தில் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். 1902 ஜூலை 17-ந் தேதியிட்ட வரைபடங்கள் தயாராயின.

மனிதன் சுகமாக இருக்க அல்ல, காகிதம் சுகமாக இருக்கப் பிறந்தது ஏர் கண்டிஷன்!

மூடுபனியில் ஒரு கணக்கு

கேரியருக்குத் திருப்தி இல்லை. யோசித்துக்கொண்டே இருந்தார்.

அதே ஆண்டு, பிட்ஸ்பர்க் ரயில் நிலையம். எங்கும் மூடுபனி. மற்றவர்கள் ரயில் வருகிறதா என்று பார்த்திருப்பார்கள். கேரியர் பனியைப் பார்த்தார்.

மூடுபனி என்பது, கொள்ளும் மட்டும் நீரைக் கொண்ட காற்று. ஆனால் காற்று குளிரக் குளிர, அது கொள்ளும் நீர் குறையும். அப்படியானால் குளிர்ந்த நீரைத் தூறலாகத் தெளித்து அதன் வழியே காற்றை விட்டால், தாங்க முடியாத ஈரத்தைக் காற்று அங்கேயே விட்டு விடும். தண்ணீரின் குளிர்ச்சியைக் கூட்டிக் குறைத்து, வேண்டிய அளவு ஈரத்தை மட்டும் நிறுத்தலாம்.

தண்ணீரைக் கொண்டு காற்றை உலர்த்துவது! கேட்டவர்கள் சிரிக்கக்கூடிய யோசனைதான். 1906-ல் அதற்குப் பேட்டண்ட் கிடைத்தது.

துணிந்து இறங்கினார்

1914-ல் உலகப் போர் மூண்டது. கம்பெனி அவருடைய பிரிவைக் கைவிட்டது. கேரியரும் 6 நண்பர்களும் சேர்ந்து 32,600 டாலர் திரட்டினார்கள். 1915-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். தவறினால் சேமிப்பு போய் விடும்.

பெரிய சோதனை 1925-ல் வந்தது. நியூயார்க்கில் ரிவோலி என்ற சினிமாக் கொட்டகையில் அவருடைய புதிய யந்திரம் வைக்கப்பட்டது. பாரமவுண்ட் படக் கம்பெனித் தலைவர் அடால்ப் ஜூகோர் நேரில் வந்து மாடியில் உட்கார்ந்தார். ஜனங்கள் வழக்கம் போல் விசிறியோடு வந்தார்கள். யந்திரத்தை ஓட்டத் தாமதமாகி விட்டது. உள்ளே புழுக்கம். எங்கு பார்த்தாலும் விசிறிகள் ஆடின. கேரியரின் நெஞ்சும் ஆடியிருக்கும்!

குளிர் மெல்லப் பரவியது. ஒரு விசிறி நின்றது. இன்னொன்று நின்றது. கடைசியில் எல்லா விசிறிகளும் மடியில் இறங்கின.

1950 அக்டோபர் 7-ந் தேதி கேரியர் காலமானார். வயது 73.

இன்று பெரிய கட்டிடங்களில் காற்று போகும் தகரக் குழாயோடு இணைத்து, ஈரம் நீக்கும் யந்திரம் வைக்கிறார்கள். அதைத் திறந்தால் உள்ளே இருப்பது, புரூக்ளின் அச்சகத்துக்கு அவர் வரைந்தது போன்ற குளிர்ந்த குழாய்ச் சுருள்தான். யந்திரம் ஓடியும் ஈரம் குறையாவிட்டால் மெக்கானிக் முதலில் பார்ப்பது மூன்று. பில்டரில் தூசி அடைத்திருக்கிறதா? சுருளில் பனிக்கட்டி பிடித்திருக்கிறதா? பிழிந்த நீர் போகும் வடிகுழாய் அடைபட்டிருக்கிறதா?